பெரட்டில் கூப்பிடாத பெயர்கள்

29 செப்டம்பர் 1987, செவ்வாய்

ஜெராம் தோட்டத்திலிருந்து திரும்பும்போது நல்ல மழை. லோரியின் வைப்பர் நடுவழியில் நின்றுவிட்டது. தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி மாடில்டா துண்டைக் கொடுத்துவிட்டு, "கம்ப்யூட்டர் விக்கிற தவுக்கே மொதலாளிக்கு ஒரு வைப்பர் வாங்க வக்கில்லையா?" என்றாள்.

தோட்டத்து ஆபீசில், அங்கே முன்பு கிளார்க்காக இருந்தவரின் மகள் வாகீஸ்வரி எழுதிக் கொடுத்த சம்பளப் புரோகிராம் நன்றாக ஓடுகிறது. மெஷின் என்னுடையது, எழுத்து அவளுடையது. மேனேஜர் தனபாலனுக்குத் திருப்தி. கலும்பாங்கில் உள்ள அவர்களுடைய இன்னொரு தோட்டத்துக்கும் இதே மாதிரி வேண்டுமாம். கிளம்பும்போது சிரித்துக்கொண்டே கேட்டார்: "புரோகிராம மட்டும் ஒரு டிஸ்க்ல காப்பி எடுத்துக்கிட்டா அங்கயும் ஓடும்தானே, காப்ரியல்?"

நானும் சிரித்தேன். சுங்கை செம்பிலாங்கில் கருவாடு வாங்கி விற்ற காலத்திலிருந்தே அவர் சிரித்த மாதிரிச் சிரிப்பு எனக்குப் பழக்கம். ஓசியில் கேட்பவன் சிரிப்பு.

3 அக்டோபர், சனி

கோலாலம்பூர் வியாபாரி ஒருவன் கொடுத்த டிஸ்க். அதை ஓட்டினால் கோப்புகளின் பெயர்கள் மறைந்துவிடும். கோப்பு இருக்கும், ஆனால் பட்டியல் கேட்டு 'டிர்' என்று அடித்தால் திரையில் வராது. பெயரே தெரியாததை எவன் காப்பி எடுப்பான்?

மத்தியானம் ஆபீஸ் மூடும் நேரத்தில், மெஷினைத் துடைக்க வந்ததாகச் சொல்லி உட்கார்ந்தேன். ஒவ்வொரு பெயராக அடிக்கப் பொறுமை இல்லை. ஒரு நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் ஒரே தட்டில் மறைத்தேன். புரோகிராமைக் கூப்பிட்டால் முதல் பக்கம் வந்தது. போதும் என்று எழுந்துவிட்டேன்.

வாகீஸ்வரியிடம் சொல்லவில்லை. எழுதியவள் அவள். சொன்னால் நூறு கேள்வி கேட்பாள்.

5 அக்டோபர், திங்கள்

இதை எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

காலையில் தனபாலன் போன் செய்தார். 'செப்டம்பர் கோப்பு இல்லை' என்கிறதாம் மெஷின். ஒரு மாதம் ஆட்கள் வேலை செய்த கணக்கு முழுவதும் அதில்தான். ஏழாம் தேதி சம்பளம், அடுத்து தீபாவளி. நான் போனபோது வாகீஸ்வரி திரையின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். டிர் அடித்துக் காட்டினாள். வெறும் திரை.

"சனிக்கிழமை காலைல இருந்திச்சு, அங்கிள். நான் எதையும் அழிக்கல."

அந்த நேரமே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. சனிக்கிழமை டிஸ்க். இல்லை, அதன் பிறகும் முதல் பக்கம் வந்ததே, அதுவாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே குரலை உயர்த்தினேன்.

"அழிக்காம காத்துலயா போச்சு? ஒங்கப்பா பெரட்டுல எங்கப்பன் பேர அடிச்ச மாதிரி, நீ செப்டம்பரயே அடிச்சிட்டியா?"

ஆபீஸ் சிரித்தது. யாழ்ப்பாணத்து ஆளான அவள் அப்பா கனகலிங்கம் அந்தத் தோட்டத்தில் பெரிய கிராணியாக, ஹெட் கிளார்க்காக, இருந்தவர். விடியற்காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, என் அப்பா பிந்தி வந்ததற்காக அவர் பெயரை அடித்து, அன்றைய கூலி இல்லாமல் லயத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவர். அது அவள் பிறக்கும் முன்பு.

அவளை உட்காரச் சொல்லவே இல்லை. நிற்க வைத்தே கேட்டேன். ஒரு கிராணி மகளை நிற்க வைத்துக் கேட்பது — நாக்குக்கு ருசியாக இருந்தது. அதுதான் உண்மை. சீ.

6 அக்டோபர், செவ்வாய்

கோப்புகள் கிடைத்துவிட்டன. அவள்தான் கண்டுபிடித்தாள்.

சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். ஓட்டியதும் வெறும் திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. செப்டம்பரும் விழுந்தது. தனபாலன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எப்படிம்மா?" என்றார்.

"டிர் வந்து தோட்டத்துல ஆள் எண்ணுற மண்டோர் மாதிரி சார். முன்னால நிக்கிறவங்களத்தான் எண்ணும். என் சம்பளப் புரோகிராமும் அதே மாதிரிதான் தேடிச்சு. இப்ப மண்டோர விட்டுட்டு நேரா சிஸ்டத்தயே கேட்டேன். மொதப் பேரச் சொல்லு, அடுத்தத சொல்லு, ஒளிஞ்சி நிக்கிறவனையும் சேத்துச் சொல்லுன்னு. இனிமே யாரும் இல்லன்னு அது சொல்ற வரைக்கும் விடக்கூடாது."

"யாரு ஒளிச்சது?"

"ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் மறைக்கிற அடையாளம் போட்டிருக்கு சார். அது தானா வராது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"கரண்டு ஏறி இறங்கினா இப்படி ஆகும் சார்."

அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தனபாலன், "கரண்டுக்கே பயப்படுற புரோகிராம வச்சு நான் என்னலா செய்யிறது? கலும்பாங்குக்கு வேற ஆளப் பாருங்க காப்ரியல்" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டினேன்!

7 அக்டோபர்

ஆட்களுக்குச் சம்பளம் போட்டாயிற்று. தனபாலன் போன் போட்டு நன்றி சொன்னார். எனக்கு.

9 அக்டோபர், வெள்ளி

கடைக்குக் கனகலிங்கம் வந்தார். குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு, உள்ளே வராமலே நின்றார்.

"தம்பி, பிள்ளை ஏதோ பிழை விட்டிட்டாள் போல கிடக்கு. பொறுத்துக்கொள்ளுங்கோ. இனி அவளுக்கு வேலை குடுக்க மாட்டம் எண்டு மேனேஜர் சொல்லிப்போட்டாராம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால்..."

அவள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

நான் உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. "உங்கட அப்பான்ர பேரை அடிச்சது நான்தான். உண்மையோ எண்டு மகள் வந்து கேட்டவள். ஓம் எண்டு சொன்னனான். அதைச் சாட்டி அவளை ஒண்டும் செய்து போடாதேங்கோ."

அவர் போன பிறகு மாடில்டா கல்லாப் பக்கம் வந்தாள். செவ்வாய் இரவே அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். "அந்த மனுசரு ஓம்னு சொல்லிட்டாரு. நீங்க எப்ப சொல்லப் போறீங்க?"

டைப்ரைட்டர் ஒன்றைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்ததுதான்.

10 அக்டோபர், சனி

சொல்லிவிட்டேன். அதே ஆபீசில், அதே ஆட்கள் இருக்கும்போதே. சாமான்களை எடுத்துப் போக வாகீஸ்வரியும் வந்திருந்தாள். "மறைச்சது நான்தான் சார். நீங்க காப்பி எடுத்துடுவீங்கன்னு பயந்து செஞ்சேன். கரண்டும் இல்ல, புரோகிராமும் இல்ல."

தனபாலன் முகம் சிவந்தது. என்மேல் கோபமா, காப்பியைச் சொன்னதற்கா, தெரியவில்லை. "ஒங்களோட பேச்சு முடிஞ்சிது காப்ரியல்" என்றார்.

வாசலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்குச் செவ்வாக்கிழமையே தெரியும், அங்கிள். சனிக்கிழமை மெஷின்ல கடைசியா உக்காந்தது நீங்கதான். நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கரண்டுன்னீங்க."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

11 அக்டோபர், ஞாயிறு

பூசைக்குப் போனேன். நற்கருணை அப்பம் வாங்கப் பீடத்துக்குப் போகவில்லை. பெஞ்சிலேயே இருந்துவிட்டேன்.

2 நவம்பர்

வைப்பர் மாற்றினேன். கலும்பாங் மேனேஜர் கடைக்குப் போன் செய்து, அந்தச் சம்பளப் புரோகிராம் எழுதியது யார் என்று கேட்டார். பழைய காப்ரியலாக இருந்தால், 'நம்ம பொண்ணுதான், நான் பேசித் தர்றேன்' என்றிருப்பேன். அவள் பெயரையும் வீட்டு டெலிபோன் நம்பரையும் கொடுத்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

5 டிசம்பர், சனி

கலும்பாங்குக்கு மெஷின் இறக்கினேன். அங்கே புரோகிராம், பேச்சு, பொறுப்பு எல்லாம் வாகீஸ்வரியுடையது. என்னிடம் மெஷின் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அவள்தான் சொல்லி வாங்க வைத்தாளாம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஒயர் மாட்டி முடித்ததும் தன் பையிலிருந்து, ஒளிந்த பெயர்களை அன்று காட்டிய அந்த டிஸ்க்கை எடுத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க, அங்கிள். மெஷின வாங்கிக்கிட்டதா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால, ஏதாச்சும் ஒளிஞ்சிருக்கான்னு பாத்துடுறேன்."

"பாரும்மா."

பெயர்கள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. அவள் ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்த்தாள். அவசரப்படவில்லை. கிராணிகள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை. இனி யாரும் இல்லை என்று திரை சொல்லும்வரை நின்றுகொண்டிருந்தேன்.