கடை போனுக்கு வந்த நிர்மலா அப்பா

எறா உரிக்கும் கம்பெனி வேன் வர இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. மகள் மகிழினி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாளா, கோபமா, தெரியவில்லை. செல்வராணி நேற்றைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்.

"மகி, சோறு கீது. கொழம்ப சுட வச்சுக்கோ. உள்ள தாப்பா போட்டுக்கோ. நிர்மலா அப்பான்னு எவனாவது வந்தா கதவத் தொறக்காத, பதிலும் சொல்லாத. சுவத்தத் தட்டு. பக்கத்து வூட்டு சுப்பராயன் மாமா கிட்ட சொல்லி வச்சிக்கிறேன்."

அந்த ஆள் முந்தாநாள் தங்கபுஷ்பம் மளிகைக்கடை போனில் செல்வராணியிடம் பேசினான்; மகியின் தோழி நிர்மலாவின் அப்பா என்றான், மகளை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து வருவதாகச் சொன்னான். நிர்மலா பிரவுசிங் சென்டர் சாட்டில் வந்த வெறும் பெயர் என்பதும், மகி அவளைப் பார்த்ததே இல்லை என்பதும் நேற்றுதான் தெரிந்தது. வீட்டில் போன் இல்லாத எல்லோரையும் போல மகி கடை நம்பரைக் கொடுத்திருந்தாள். செல்வராணி மகியின் கன்னத்தில் அறைந்தாள். அப்போதும் தனக்கு அழுகை வரவில்லை, இப்போதும் வரவில்லை.

"சாயங்காலம் ரெண்டு பேருமா சென்டருக்குப் போவலாம். அதுல எழுதினதெல்லாம் எனக்குப் படிச்சுக் காட்டு. திட்ட மாட்டேன்."

கீழே வேன் ஹாரன் அடித்தது. தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் எழுத்தைச் சின்னதாக்கி எழுதினாள்.

"நீ கடை நம்பர் மட்டும்தான் குடுத்த. மூலக்கொத்தளம் ஸ்டாப்புல எறங்கணும், மூணாவது மாடி, லீவுல பொண்ணு பகல்ல தனியாத்தான் கீதுன்னு அந்தாளு கேக்காமலே சொன்னது நான்."