நர்ஸிடம் சொல்லிவிட்டேன்

என்னங்க,

சூப்பை அடுப்பிலேயே மூடி வைத்திருக்கிறேன். சூடாக்கிக் குடியுங்கள். பால் மட்டும் வேண்டாம்.

பத்து மணிக்கு என் தம்பி காரோடு வருவான். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள். நர்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

நேற்று அவர் போனில் விசாரித்தபோது, எட்டாவது தடவையாகக் கழிப்பறைக்குப் போய்வந்த கையோடு, "நான் குதிரை மாதிரி இருக்கேன் சிஸ்டர்" என்றீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொன்னா இம்யூனோதெரபிய நிறுத்திடுவாங்கடி. நுரையீரல் கட்டி இப்பத்தான் சுருங்குது" என்றீர்கள். நானும் ஊமையாக நின்றேன்.

இன்று காலை நர்ஸ் சொன்னார்: "புற்றுநோயை அடிக்கத் தூண்டிவிட்ட உடம்பு, இப்ப குடலையே அடிக்குற மாதிரி இருக்கும்மா. விட்டா குடல் ஓட்டையாயிடும்." மருந்தை நிறுத்துவார்களாம். திரும்பத் தொடங்குவார்களா என்று கேட்டேன். முதலில் உங்களைக் கூட்டிவரச் சொன்னார்.

நீங்கள் தூங்குகிறீர்கள். எழுப்பி, முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. வினாத்தாள்களைப் பள்ளியில் ஒப்படைத்துவிட்டு நேரே அங்கே வந்துவிடுகிறேன்.

ஸ்கேன் படங்கள் பீரோ மேல் இருக்கின்றன. மறக்காதீர்கள்.

இன்னொன்று. இனி என்னோடு பேசமாட்டீர்கள், தெரியும். பேசாதீர்கள். பேசாமல் இருப்பதற்காவது நீங்கள் எனக்கு வேண்டும்.