மணி டாக்டரை நான் விடப்போவதில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இருந்தே ஆகவேண்டும். இங்கே யாவரும் நலம் என்று வழக்கம்போல எழுத எனக்கு இன்றைக்கு மனம் வரவில்லை. அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார், கையைப் பிடித்துக்கொண்டால் தெருமுனை வரைக்கும் நடக்கிறார். பேச்சுதான் இன்னும் அப்படியே கிடக்கிறது. காய்கறி மண்டியில் அப்பா ஏலம் கூவினால் அடுத்த தெருவில் நிற்பவன்கூடக் கையைத் தூக்கிவிடுவான் என்று நாம் கேலி செய்வோமே, அதே வாய்தான், இப்போது தண்ணீர் வேண்டும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் கிணறே வெட்டிவிடலாம். ஆனாலும் பாதியில் எடுத்துக் கொடுக்க மாட்டேன். பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண், அவரே முழுசாகச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நானும் காத்திருக்கிறேன், அப்படிக் காத்திருக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மணி டாக்டர்மீது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம் போனில் நீ, "விட்டுடும்மா, நடந்தது நடந்துடுச்சு, உனக்குத்தான் பிரஷர் ஏறும்" என்றாய். உன் சித்தப்பாவும் அதையேதான் பாடுகிறார். எதிர்வீட்டு வக்கீல் மட்டும் புகார் எழுதிப் போடலாம் அண்ணி என்றார். காகிதம் போட்டால் பதிலுக்கு இன்னொரு காகிதம் வரும், அதை வைத்து நான் என்ன செய்வது. எனக்கு வேண்டியது வேறே. உன் அப்பா பேச வந்ததைக் காதில் வாங்காத அந்த மனுஷன், அவர் பேச்சைக் கேட்டே ஆகவேண்டும், கேட்டு அவருக்கு வலிக்கவேண்டும், அதைப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்க்கவேண்டும். நீ தூரத்தில் இருப்பதால் எல்லாவற்றையும் துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறாய். முழுசாக எழுதுகிறேன், படித்துவிட்டு அப்புறம் சொல், விடலாமா என்று.

அந்த டாக்டருக்கு மணி டாக்டர் என்று ஏன் பெயர் வந்தது என்று உனக்குத் தெரியாது, நீ போனபிறகு வந்தவர். மருந்துக்கடைக்கு மேலே மாடியில் உட்கார்ந்திருக்கிறார். மேஜைக்கு அடியில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார், அதை அழுத்தினால் வெளியே மணி அடிக்கும், வாசலில் உட்கார்ந்திருக்கிற அக்கா அடுத்த ஆளை உள்ளே தள்ளிவிடுவாள், உள்ளே இருப்பவர் மரியாதையாக எழுந்து வந்துவிட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு தொந்தரவுதான் சொல்லலாம் என்பது அங்கே சட்டம். நம் ஜனங்களோ எதற்காக வந்தார்களோ அதை முதலில் சொல்லவே மாட்டார்கள். சளி என்பார்கள், தலைவலி என்பார்கள், வெயில் ஜாஸ்தி என்பார்கள், எழுந்து கதவில் கை வைத்தபிறகுதான் "அப்புறம் டாக்டர், இன்னொண்ணு" என்று இழுப்பார்கள். கூச்சம், பயம், டாக்டரைத் தொந்தரவு செய்கிறோமே என்கிற மரியாதை, எல்லாம் சேர்ந்து அப்படிச் செய்கிறது. மணி டாக்டரிடம் அந்த இன்னொன்றுக்கு இடமே கிடையாது.

அப்பா முழங்கால் வலிக்காகத்தான் அங்கே போய்க்கொண்டிருந்தார். டாக்டரும் வலி மாத்திரையை எழுதிக்கொண்டே இருந்தார். அதை வெறும் வயிற்றில் போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, விடியுமுன் மண்டிக்கு ஓடுகிறவர் ஒரு வாய் டீயோடு போட்டுக்கொண்டு போவார். அன்றைக்குக் கிளம்பும்போது என்னிடம் குரலைத் தாழ்த்தி, "ரெண்டு மூணு நாளா கறுப்பா போகுது, தார் மாதிரி இருக்கு, இன்னைக்கு டாக்டர்கிட்ட கேட்டுடறேன்" என்றார். ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள், நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது. அடுத்த ஆள் உள்ளே நுழைய, அப்பா ஏதோ சொல்ல வந்த வாயோடு வெளியே வந்தார். கேட்டீங்களா என்றேன். "அடுத்த தடவை பாத்துக்கலாம், விடு" என்றார், கையில் அதே மாத்திரைக்குச் சீட்டு. நான் உள்ளே போகப் பார்த்தேன், அந்த அக்கா கையைக் குறுக்கே நீட்டி "ஆளுக்கு ஒரு தடவைதான்மா" என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அந்த வாரமே அப்பா தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் சுருண்டு விழுந்தார். மாத்திரையால் வயிற்றில் புண்ணாகி உள்ளேயே ரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது, கறுப்பாகப் போனதே அந்த ரத்தம்தான் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார். ரத்தம் அவ்வளவு இறங்கியதில் மூளைக்கும் போதாமல் போய்ப் பேச்சு அடிபட்டுவிட்டதாம். கறுப்பாகப் போனதை டாக்டரிடம் சொல்லவில்லையா என்று அந்த அம்மா என்னையே கேட்டார்.

சரி, நேரத்தைக் காப்பாற்றத்தானே என் புருஷன் வாயை அடைத்தாய், அந்த நேரத்திலேயே கை வைக்கிறேன் பார் என்று முடிவு கட்டினேன். உன் சித்தியை அப்பாவுக்குத் துணையாக வைத்துவிட்டு, தைக்க வேண்டிய சட்டைகளையும் பொத்தான் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு அந்த மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். பிரஷர் பார்க்க வந்திருக்கிறேன் என்று பெயர் கொடுப்பேன், என் முறை வந்தால் "நீங்க போங்க, எனக்கு அவசரமில்ல" என்று அடுத்தவரை அனுப்பிவிடுவேன். பக்கத்தில் வந்து உட்காருகிறவர்களிடம் மெல்லப் பேச்சுக் கொடுப்பேன். எதுக்கு வந்தீங்க என்றால் சளி என்பார்கள். அது சரி, எழுந்து வரும்போது என்ன கேக்கலாம்னு வச்சிருக்கீங்க என்பேன். திருதிருவென்று விழிப்பார்கள், அப்புறம் கொட்டிவிடுவார்கள். செருப்புக்கடைக்காரர் இருமலுக்கு வந்தவர், சர்க்கரை உடம்பு, பாதத்தில் உணர்ச்சியே இல்லாமல் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வீடுவரைக்கும் நடந்திருக்கிறார், ஊருக்கெல்லாம் செருப்பு விற்கிறவர் இதை வெளியே சொல்ல முடியுமா என்று வெட்கப்பட்டார். ஒரு லாரி டிரைவர் வாயுத்தொல்லை என்று வந்தார், மூட்டை தூக்கினால் நெஞ்சை யாரோ பிடித்து இறுக்குகிற மாதிரி இருக்கிறது என்பதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். பிரஷர் சரியாகிவிட்டதே என்று மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு, திட்டுவாரோ என்று பயந்து உட்கார்ந்திருந்தார் ஒரு டீச்சர். எல்லாருக்கும் ஒரே பாடம்தான் எடுத்தேன். "அதை உட்காரும்போதே சொல்லுங்க, பதில் வராம எழுந்திருக்காதீங்க, மணி அடிச்சா அடிக்கட்டும், அது வெளியில இருக்கிறவங்களுக்கு" என்று.

அப்புறம் பார்க்க வேண்டுமே கூத்தை. மணி அடிக்கும், அக்கா ஆளைத் தள்ளுவாள், உள்ளே இருப்பவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அசைய மாட்டார், இரண்டு பேர் மூன்று பேர் என்று அந்தச் சின்ன அறைக்குள் கும்பல் சேர்ந்துவிடும். அக்கா தொண்டை கிழியக் கத்துவாள். டாக்டரின் சாப்பாட்டுப் பை பிரிக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பிப் போகும். நான் குனிந்த தலை நிமிராமல் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பேன், உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். இதைப் படித்துவிட்டு நீ முகத்தைச் சுளிப்பாய் என்று தெரியும், சுளித்துக்கொள்.

ஆனால் நான் ஒன்று நினைக்க வேறொன்று நடந்தது. கூட்டம் குறையும் என்று பார்த்தால் மாடிப்படி வரைக்கும் நிற்கிறார்கள். "மணி டாக்டர் இப்ப எவ்வளவு பொறுமையா கேக்கறார் தெரியுமா" என்று மருந்துக்கடையில் என்னிடமே ஒருத்தி சொல்கிறாள். லாரி டிரைவருக்கு இதயத்தில் அடைப்பு, சரியான நேரத்தில் கண்டுபிடித்து அனுப்பியிருக்கிறார், அவர் மனைவி வந்து எல்லார் முன்னாலும் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். செருப்புக்கடைக்காரர் கால் பிழைத்த சந்தோஷத்தில் டாக்டருக்குப் புதுச் செருப்பே கொண்டுவந்து கொடுத்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கெடுக்கப் போய் அந்த ஆளுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறேன். உன் சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார், "அண்ணி, டாக்டர்கிட்ட சம்பளம் கேட்டு வாங்குங்க" என்று. சிரிக்காதீங்க தம்பி, எரிச்சலைக் கிளப்பாதீங்க என்று அன்றைக்கு அவருக்கு டீகூடப் போட்டுக் கொடுக்கவில்லை.

செருப்புக்கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா, எல்லாம் அந்தப் பொத்தான் தைக்கிற அம்மா சொல்லிக் கொடுத்தது என்று டாக்டரிடம் உளறிவிட்டார். டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு, எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டு, "ரொம்ப நன்றிம்மா, உங்களாலதான் நான் கேக்கவே கத்துக்கிட்டேன்" என்றார். நன்றியா, எனக்கா. நான் ஏலக்காரர் பெண்டாட்டி, கறுப்பா போகுதுன்னு சொல்ல வந்தவரை மணி அடிச்சு அனுப்பினீங்களே, அவர் பெண்டாட்டி என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கினார், கம்ப்யூட்டரைத் தட்டினார், படித்தார், முகம் செத்துப்போனது. ஆனால் என்ன சொன்னார் தெரியுமா. "எனக்கு ஞாபகமே இல்லம்மா" என்றார். கேட்டாயா, நான் இங்கே சோறு தண்ணீர் இறங்காமல் கறுவிக்கொண்டு கிடக்கிறேன், அந்த மனுஷருக்கு என் புருஷன் முகம்கூட நினைவில் இல்லை. மன்னிச்சுடுங்க என்றார். நான் சொன்னேன், "மன்னிப்பு உங்களுக்கு வாயைத் திறந்தா வந்துடுது டாக்டர், எங்க வீட்டுக்காரருக்கு வாயைத் திறந்தா ஒண்ணும் வரமாட்டேங்குது. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை அவரைக் கூட்டிட்டு வருவேன். அவருக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுவார். சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க கேக்கணும். நடுவுல வார்த்தை எடுத்துக் குடுக்கக்கூடாது, கடிகாரத்தைப் பாக்கக்கூடாது." தலையைக் குனிந்தபடி சரி என்றார்.

அப்பாவிடம் நான் காரணம் எதுவும் சொல்லவில்லை. டாக்டர் உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று மட்டும் சொன்னேன். இஸ்திரி போட்ட சட்டைதான் வேண்டும் என்று கையைக் காட்டி அடம்பிடித்து, குழந்தை மாதிரி குதூகலமாகக் கிளம்பினார். முதல் வாரம் மண்டியில் முட்டைக்கோஸ் விலையைப் பற்றி ஒரு வாக்கியம் தொடங்கினார். அது பாதி வருவதற்குள் டாக்டரின் கை தன்னால் மேஜைக்கு அடியில் போய்விட்டது. மணி அடித்தது, அக்கா ஒருத்தரை உள்ளே தள்ளினாள். "வெளிய போங்க, அவர் இன்னும் முடிக்கல" என்று நான் போட்ட சத்தத்தில் அந்த மனிதர் வந்த வேகத்தில் திரும்பினார். டாக்டர் தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் அதை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டார். முட்டைக்கோஸ் விலையை முழுசாகக் கேட்டுத்தான் எழுந்தார். இப்படிச் சில வாரம் போனது.

இந்தச் செவ்வாய்க்கிழமை அப்பா உட்கார்ந்ததும் "அன்…னைக்கு" என்று ஆரம்பித்தார். இதோ, சொல்லப் போகிறார், அந்தக் கறுப்பு விஷயத்தை, சொல்லவிடாமல் துரத்தியதை, அந்த ஆளின் முகத்துக்கு நேராகவே சொல்லப் போகிறார் என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அப்பா ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி எடுத்தார், நெற்றி வியர்த்தது, நான் துடைக்கவில்லை. "அன்னைக்கு… உங்க… முகம்… வாடி… இருந்துச்சு" என்றார். இன்னும் கொஞ்ச நேரம். "சாப்… பிடலையோன்னு… நெனச்சேன். பாவம்னு… கேக்காம… எழுந்துட்டேன்" என்றார். சொல்லி முடித்துவிட்ட சந்தோஷத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. அப்பா பயந்துபோய், ஏதாவது செய் என்பதுபோல என் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். நான் அசையவில்லை. உன்னிடம் மறைப்பானேன், என் வயிறு குளிர்ந்தது. நான் எத்தனை நாள் உட்கார்ந்து யோசித்தாலும் எனக்கு இப்படி ஓர் அடி தோன்றியிருக்காது, அதை உன் அப்பா அடி என்றே தெரியாமல் பிரியமாகக் கொடுத்துவிட்டார். வரும் வழியில் "ஏன்… அழறார்" என்று கேட்டார், வேலை ஜாஸ்தி போலிருக்கு என்று சொன்னேன். வீட்டுக்கு வந்தபிறகு எனக்கே அழுகை அடக்க முடியவில்லை, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தன் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டுகிறபோது எதிரில் இருப்பவன் சாப்பிட்டானா என்று பார்க்கிற மனுஷனை என்னவென்று சொல்வது, ஒரு நிமிஷம் அவர்மீதே கோபம் வந்தது. ஆனால் அதற்காக டாக்டர்மீது இருக்கிற கோபத்தைக் குறைத்துக்கொள்வேன் என்று நினைக்காதே. அந்த அறையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். உன் அப்பா அவர் முகத்தைப் பார்த்தார், டாக்டர் உன் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்குப் படித்தவர் யார்?

அடுத்த செவ்வாயும் போகிறோம், அதற்கடுத்த செவ்வாயும் போவோம். அப்பாவுக்கு அந்த டாக்டரை ரொம்பப் பிடித்துவிட்டது, அதுதான் எனக்கு வசதி. சட்டையை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய் நொடியில்லாமல் நூறு வயது வாழவேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். குட்டிக்கு என் முத்தம். மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். உனக்குக் கொஞ்ச நாளாக அசதியாக இருக்கிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாயே, நாளைக்கே போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள், தள்ளிப் போடாதே. அங்கே இருக்கிற டாக்டர் நீ சொல்லி முடிப்பதற்குள் எழுந்தால் சண்டை போடாமல் வந்துவிடு, அவர் பெயரையும் விலாசத்தையும் மட்டும் எனக்கு எழுது.

இன்னும் ஆறாத,
உன் அம்மா