மாமா அச்சடித்த ‘மோர் பெர்ஃபெக்ட்’

செங்கல்பட்டு,
வியாழக்கிழமை.

அன்புள்ள விஷாகாவுக்கு,

நானும் அப்பாவும் சௌக்கியம், டப்ளின் குளிரில் நீயும் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்பதுதான் தினமும் என் வேண்டுதல். அப்பாவுக்கு முட்டிவலி, மாத்திரை போடச் சொன்னால் முறைக்கிறார். அது கிடக்கட்டும். உன் ஜெகதீசன் மாமாவை ஒருவழியாகப் பழிவாங்கிவிட்டேன், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ வெளிநாடு கிளம்பிய வருஷம், தாத்தாவின் சதாபிஷேகத்தில் மைக்கைப் பிடித்து, என் அம்மா எல்லாரையும்விட மோர் பெர்ஃபெக்ட் என்று இங்கிலீஷில் பேசினாய். அவன் எழுந்துவந்து மைக்கைப் பிடுங்கி, பெர்ஃபெக்ட் என்றாலே குறையில்லாதது, அதற்கு மேல் என்ன மோர், இங்கிலீஷ் டீச்சர் பெண்ணுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று சபையையே சிரிக்க வைத்தான். அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல், கூடப்பிறந்த தம்பி என்றும் அடங்கவில்லை. அவன் சொன்னது சரிதான், பள்ளிக்கூடத்தில் நானே அதைச் சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன். ஆனால் என்னை அப்படி வேறு யார் சொல்லியிருக்கிறார்கள்? அவன் மாடியில் குடியிருக்கும்வரை இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று போனவள்தான் நீ.

போன மாதம் உன் மாமா, தன் பிள்ளை அத்வைத்தின் கல்யாணப் பத்திரிகையை இங்கிலீஷில் தானே எழுதி, அச்சுக்குப் போகுமுன் பார்த்துக்கொடு அக்கா என்று வந்தான். பார்த்தால், மகனையும் வரப்போகும் மருமகளையும் மோர் பெர்ஃபெக்ட் ஜோடி என்று எழுதிவைத்திருக்கிறான்! தன் பிள்ளை என்றதும் படித்ததெல்லாம் எங்கே போயிற்றோ. பிரமாதம் என்று சொல்லி, காபியும் கொடுத்து அனுப்பினேன். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி முதல் பத்திரிகையை மாமல்லபுரம் பெருமாள் காலடியில் வைத்துவிட்டால் அப்புறம் மாற்றி அச்சடிக்க மாட்டோம், அபசகுனம். அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. அர்ச்சனை முடிந்து வெளியே செருப்பு மாட்டும்போதுதான், பெர்ஃபெக்டுக்கு மேல் என்னடா மோர் என்று கேட்டேன். முகம் சுண்டிப்போயிற்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டியதும், அன்று சபையில் என் பெண்ணை அழவைத்தாயே, அதற்குத்தான் இது என்றேன். அவன் திருதிருவென்று விழித்து, எப்போ அக்கா, என்ன மைக்கு, நானா பிடுங்கினேன் என்கிறான். நடிப்பு இல்லை விஷாகா, அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அவன் அன்றைக்கே சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டான். இத்தனை வருஷமாக நீ அங்கே தனியாகப் பொங்கல் வைக்கிறாய், நான் இங்கே உன் அறையைப் பெருக்கிப் பூட்டுகிறேன். தண்டனை யாருக்கு என்று நீயே சொல்.

பெருமாள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும், நினைத்ததெல்லாம் கைகூடட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ, பனி ஆகாது. கல்யாணம் ஆவணியில். அவனுக்காக வரவேண்டாம், என்னைப் பார்க்க வா.

உன் அம்மா,
பரிமளா