பிளைவீலின் இரண்டாவது கோடு

மார்ச் 3, திங்கள்

நான் கண் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் லாரியின் டீசல் பம்பைக் கழற்றிவிட்டார்கள். கழற்றச் சொன்னவன் என் மகன். கழற்றியவன் பட்டறைக்காரன். இதை முதலில் எழுதி வைக்கிறேன். பிறகு ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

பம்பின் தலையில் ஒரு நட்டுக்கடியில் டீசல் கசிந்தது. அவ்வளவுதான். ஒரு செம்பு வாஷர் மாற்ற வேண்டும். பம்பு வண்டியில் இருக்கும்போதே மாற்றலாம். அதற்குப் போய் பம்பையே பிடுங்கி, ஓர் அடையாளமும் வைக்காமல், மேசையில் பரப்பி, பிறகு தோன்றிய இடத்தில் திரும்ப மாட்டியிருக்கிறான்.

காலையில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கிளம்பியதா அது? இருமியது. தெரு முழுக்க வெள்ளைப் புகை, எரியாத டீசல் நாற்றம். ஏற்றத்தில் இழுக்கவே இல்லையாம்.

"வண்டிக்கு வயசாயிடுச்சுப்பா" என்றான் மகன்.

"பம்பைக் கழட்டுறதுக்கு முந்தின நாள் வரைக்கும் வயசாகலையாடா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மார்ச் 4, செவ்வாய்

குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தூசியில் நிற்கக் கூடாது. வலது கண்ணில் அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடி. இடது கண்ணில் புரை இன்னும் பால் ஊற்றியது போல அப்படியே இருக்கிறது. மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டுக்கு வந்த பிறகும் நர்ஸ்தான். வேளாவேளைக்குச் சொட்டு மருந்துப் புட்டியோடு வந்து நிற்கிறாள்.

இன்று வாயைக் கொடுத்தேன். "உன் புருஷன் செஞ்ச காரியத்துக்கு மருந்து இருக்கா?"

"தலையை நிமிர்த்துங்க மாமா" என்றாள்.

மார்ச் 5, புதன்

லாரியை விற்கப் போகிறானாம். ஓடுகிற வண்டியாக அல்ல, எடைக்கு. சனிக்கிழமை காலை பழைய இரும்புக் கடைக்காரன் வந்து இழுத்துக்கொண்டு போவான். பேசி முடித்துவிட்டுத்தான் என்னிடம் சொல்கிறான்.

"உங்ககிட்ட முன்னாடியே சொன்னா நடக்குமாப்பா? ஒரு போல்ட்டுத் திருகக்கூட உங்க உத்தரவு வேணும். டூல் பெட்டிச் சாவி உங்க இடுப்புல. நான் யாரு, கூலிக்கு ஓட்டுற டிரைவரா?"

டிரைவராகவே இருந்திருக்கலாம். டிரைவர் என்றால் பம்பைத் தொட்டிருக்க மாட்டான்.

கத்தினேன். கத்தினால் கண்ணுக்கு ஆகாது என்று மருமகள் நடுவில் வந்தாள். கண்ணாம் கண்.

மார்ச் 6, வியாழன்

பட்டறைக்குப் போனேன். நடந்தே போனேன். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் பட்டறைக்காரனுக்குச் சிரிப்பு.

"என்ன பெருசு, சினிமாவுல சேர்ந்துட்டீங்களா?"

"பம்புக்கு டைமிங் எதைப் பார்த்து வெச்சே?"

"பிளைவீல்ல கோடு இருக்குல்ல, அதைப் பார்த்துதான்."

"எத்தனை கோடு?"

"ஒரு கோடுதான் பெருசு. எத்தனை வேணும் உங்களுக்கு?"

அப்படியே நின்றேன். ஒரு கோடு! இன்ஜினின் பின்னால் சுழலும் பெரிய இரும்புச் சக்கரம்தான் பிளைவீல்; அதில் இரண்டு கோடுகள். ஒன்று, பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று காட்டுவது. அதற்குச் சற்று முன்னால், துருவும் கிரீஸும் மூடிய இடத்தில், மெலிதாக இன்னொன்று. டீசல் பாய வேண்டியது அந்தக் கோட்டில். இவன் உச்சிக் கோட்டில் வைத்துவிட்டான். பிஸ்டன் மேலே வந்து சேர்ந்த பிறகு டீசல் ஆடி அசைந்து உள்ளே போகிறது. பாதி எரியாமல் புகையாகிறது. வண்டி எப்படி இழுக்கும்?

சொன்னேன். "உங்க காலத்து வண்டிக்கு டைமிங் வெச்சாலும் ஒண்ணுதான், வெக்காட்டியும் ஒண்ணுதான்" என்றான். கையில் ஸ்பானர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. நல்லவேளை, அங்கே எல்லாம் அவனுடைய ஸ்பானர்.

மதியம் வீட்டில் யாருமில்லை. வேலையை ஆரம்பித்தேன். ஆமாம், குனிந்தேன். யார் செய்வார்கள் பின்னே?

துணியால் தேய்க்கத் தேய்க்க இரண்டாவது கோடு விரலில் தட்டுப்பட்டது. பிளைவீலை அதில் நிறுத்தினேன். பம்பில் ஒன்றாம் குழாயின் வால்வை எடுத்துவிட்டு வளைந்த சிறு குழாயை மாட்டினேன். பம்பை இன்ஜினோடு இணைக்கிற கப்ளிங் போல்ட்டுகளைத் தளர்த்திப் பம்பை மெல்லத் திருப்பினால், ஒழுகுகிற டீசல் மெலிந்து, சொட்டாகி, நிற்கும். நிற்கிற இடம்தான் சரியான இடம். அங்கேயே முடுக்க வேண்டும். இதை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. வண்டிதான் கற்றுக்கொடுத்தது.

ஆனால் சொட்டு தெரியவில்லை. விரலை நீட்டிப் பார்த்தேன். விரல் ஏற்கனவே டீசலில் ஊறியிருந்தது. விழுகிறதா, நின்றுவிட்டதா? இன்னும் கொஞ்சம் திருப்பினேன். இன்னும் கொஞ்சம்.

போதும் என்று முடுக்கி, வால்வைத் திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்தேன். சம்மட்டி அடி! இன்ஜினுக்குள் எவனோ உட்கார்ந்து இரும்பால் அடிக்கிறான். தாமதமாகப் பாய்ந்த டீசல் இப்போது ரொம்ப முந்திக்கொண்டு பாய்கிறது. உடனே அணைத்தேன். அதற்குள் மகன் வாசலில்.

"இப்போ இன்ஜினையும் உடைச்சாச்சா? நல்லதுப்பா. எடை குறையாது."

மார்ச் 7, வெள்ளி, காலை

கண் சிவந்திருக்கிறது. மருமகள் டார்ச் அடித்துப் பார்த்தாள். என் சட்டையை முகர்ந்தாள்.

"மாமா, ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்குக் கண்ணு வேணுமா, லாரி வேணுமா?"

"லாரி."

கோபத்தில் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். புட்டியை ஜன்னலில் வைத்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "சரி. அந்தச் சொட்டு எப்போ நிக்குதுன்னு பார்க்கணும், அவ்வளவுதானே? வார்டுல நாள் முழுக்க டிரிப்ஸ் சொட்டைத் தவிர நான் வேற என்னத்தைப் பார்க்கிறேன்? நீங்க நாற்காலியில உக்காந்து வாயால மட்டும் சொல்லுங்க. எழுந்திரிச்சீங்கன்னா நான் கையைக் கழுவிட்டுப் போயிடுவேன்."

"பம்பைத் திருப்புறது யாரு?"

உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "என்னங்க, வாங்க இங்கே. கழட்டத் தெரிஞ்சவருக்கு மாட்டவும் தெரியணும்."

வந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தான். நானும் சாவியை அவன் கையில் கொடுக்கவில்லை. பெட்டி மேல் வைத்தேன். அவன் எடுத்துக்கொண்டான்.

அதே நாள், மாலை

நாற்காலியில் உட்கார்ந்தபடி வேலை வாங்குவது போல் ஒரு தண்டனை உலகத்தில் கிடையாது.

"அந்தக் கோடு இல்லடா, இன்னொண்ணு."

"எதுப்பா? இங்கே ஒண்ணுதான்..." என்றவன் நிறுத்தினான். விரலால் தடவினான். "அட, ஆமா."

இந்த 'அட, ஆமா'வைப் பட்டறையில் சொல்லியிருக்கக் கூடாதா?

பிறகு அவள் குழாயருகே முகத்தை வைத்துக்கொண்டாள். "ஒழுகுது... ஒழுகுது... மெலிஞ்சிடுச்சு. மெல்லத் திருப்புங்க, பேஷன்ட்டா இருந்தா செத்திருப்பான். சொட்டு... சொட்டு... நின்னுடுச்சு. கையை எடுக்காதீங்க!"

"முடுக்கு!" என்று கத்தினேன். எழுந்துவிட்டேன் போலிருக்கிறது. இரண்டு பேரும் ஒரே குரலில், "உக்காருங்க!"

வால்வை மாட்டி, டீசல் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி, ஸ்டார்ட் செய்தான். முதல் சுற்றிலேயே பிடித்தது. சம்மட்டி இல்லை. கொஞ்ச நேரத்தில் புகையும் இல்லை. மகன் வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்தான். விற்பனை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்கவே மாட்டேன்.

மார்ச் 8, சனி

இரும்புக் கடைக்காரன் சங்கிலியோடு வந்தான். வாசலில் லாரி இல்லை. விடியற்காலையிலேயே செங்கல் ஏற்றிக்கொண்டு மேட்டுப் பாதையில் போய்விட்டான் மகன். "ஐயா, வரச் சொல்லிட்டு இப்படிப் பண்ணலாமா?" என்று கடைக்காரன் என்னிடம் சத்தம் போட்டான். பேரம் பேசியவனிடம் போய்க் கேள் என்றேன்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இனி நடக்க வேண்டியவை:

மகன்: இரும்புக் கடைக்காரனிடம் போய், வண்டி விற்பனைக்கு இல்லை என்று தன் வாயால் சொல்ல வேண்டும். திரும்பி வந்ததும் போல்ட்டுகளை இன்னொரு தடவை முடுக்க வேண்டும்.

பட்டறைக்காரன்: இங்கே வந்து இரண்டு கோடுகளையும் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டும். டீ கிடையாது.

மருமகள்: ராத்திரி வேலை முடிந்து வந்திருக்கிறாள், தூங்க வேண்டும். என் மருந்தை நானே போட்டுக்கொள்வேன்.

இரண்டாவது கோட்டுக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்க வேண்டும். நான். இல்லை, குனியக் கூடாது. மகனே அடிக்கட்டும். டூல் பெட்டிச் சாவி அவனிடம்தான் இருக்கிறது.