வரிசையில் முதலில் நிற்பவர்களுக்குக் காமாலை வருவது குறித்து

அனுப்புநர்:
மு. ஜெயினுலாப்தீன்,
தையல் மெஷின் மெக்கானிக்,
வீட்டு எண் 9, கொடிமரச் சந்து,
தாராவி, பம்பாய் – 17.

பெறுநர்:
சுகாதார அதிகாரி அவர்கள்,
வார்டு அலுவலகம், பம்பாய்.

பொருள்: எங்கள் சந்தின் குடிநீர்க் குழாயை, தண்ணீர் திறந்துவிடும் நேரத்திலேயே பரிசோதிக்கவும், சாக்கடைக்குள் கிடக்கும் பைப்பை மாற்றவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று தங்கள் அலுவலக பியூன் சொன்னார். அந்தத் தைரியத்தில், பிறர் கையால் இங்கிலீஷில் எழுதி வாங்காமல் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் சந்தில் முப்பத்தெட்டு வீடுகள். எல்லோருக்கும் ஒரே குழாய். மாலை நான்கு மணிக்குத் தண்ணீர் வரும், ஆறுக்கு நிற்கும். இரண்டு வருடமாகத் தண்ணீரின் வேகம் குறைந்துவிட்டதால், நாங்களே இரண்டடிக்குக் குழி தோண்டிக் குழாயைக் கீழே இறக்கி வைத்திருக்கிறோம். குழாய்க்கு வரும் பைப் சாக்கடைக்குள்ளேயே கிடக்கிறது.

கடந்த ஜூலை முதல் பதினோரு வீடுகளில் பதிமூன்று பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. பன்னிரண்டு பேர் பிழைத்தார்கள். பிழைக்காதவள் என் மனைவி சபுரா. ஏழு மாத கர்ப்பிணி. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி இறந்துபோனாள். கர்ப்பிணிக்கு இந்தக் காமாலை வந்தால் ஆபத்து என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார்கள். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றும் கேட்டார்கள்.

பிறகு தங்கள் அலுவலகத்திலிருந்து இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். மாலை ஐந்தே முக்கால் மணிக்குக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்துப் போனார். தண்ணீரில் குற்றம் இல்லை, உங்கள் ஆட்கள் சுத்தமாக இல்லாததுதான் காரணம் என்று பதில் வந்தது. பிளீச்சிங் பவுடர் தூவினார்கள்.

ஐயா, இந்தப் பதிலை எதிர்த்துப் பேச நான் வரவில்லை. ஆனால் அது எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் சந்தில் பூதத்தான் என்று ஒருவர். புருஷனும் பெண்டாட்டியும் வேலையிலிருந்து வரவே ஐந்தரை மணி ஆகிவிடும். நாலு பிள்ளைகளும் நாள் முழுக்கச் சாக்கடை ஓரத்தில்தான் விளையாடும். அந்த வீட்டில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. சபுராவோ குடத்தைப் புளி போட்டு மூன்று தரம் விளக்காமல் தண்ணீர் பிடிக்க மாட்டாள். சுத்தம்தான் காரணம் என்றால் இது எப்படித் தலைகீழாயிற்று?

மெஷின் ஓடவில்லை என்றால் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்ப்பது என் தொழில். அதையே செய்தேன். ரிப்பேருக்குப் போகிற வீடுகளில் எல்லாம் கேட்டு நோட்டில் எழுதினேன். முதலில் முனையிலிருக்கும் சர்பத் வண்டியைச் சந்தேகப்பட்டேன். காமாலை வந்த ஐந்து பேர் அதில் குடித்ததே இல்லை. பிறகு பித்தளைக் குடமா, பிளாஸ்டிக் குடமா என்று பார்த்தேன். அதிலும் ஒன்றும் தேறவில்லை. கடைசியில், யார் வரிசையில் எத்தனையாவது என்று எழுதினேன். எங்கள் சந்தில் அது தினமும் மாறுவதில்லை. முதல் பன்னிரண்டு வீடுகளில் பத்து வீட்டில் காமாலை. மீதி இருபத்தாறில் ஒரே ஒரு வீடு.

பட்டியலில் முதல் பெயர் சபுராவுடையது. மாசமாக இருப்பவள் கால் கடுக்க நிற்க வேண்டாமே என்று, தினமும் மத்தியானம் சாப்பிட வரும்போது அவள் குடத்தை முதல் இடத்தில் வைத்துவிட்டுப் போனவன் நான்தான். அதை எழுதிய அன்று நான் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை.

அந்த ஒரே ஒரு வீடு மட்டும் மூன்று வாரம் விளங்கவில்லை. அது மாட்டுங்காவில் சமையல் வேலை பார்க்கும் பார்வதியம்மாள் வீடு. அவர் வரிசைக்கு வருவதே கடைசியில்தான். கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினார். பிறகு ஒருநாள் அவரே வந்து, சபுரா தன் குடத்தோடு தனக்கும் ஒரு குடம் பிடித்து வைப்பாள் என்றும், செத்துப்போனவள் கையால் நோய் வந்தது என்று தன் வாயால் எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்ததாகவும் சொல்லி அழுதார்.

இதன் பிறகு ஐந்து கண்ணாடி பாட்டில்களில் நான்கு மணி முதல் கால் மணிக்கொரு தரம் தண்ணீர் பிடித்து வைத்தேன். மூன்று நாள் இப்படிச் செய்தேன். மறுநாள் பார்த்தால் முதல் பாட்டிலில் அடியில் கருப்பாக வண்டல், சாக்கடை நாற்றம். இரண்டாவது லேசான கலங்கல். மற்றவை தெளிவு. தண்ணீர் நிற்கும் நேரத்தில் குழாய் வாயில் ஒரு துண்டுக் காகிதம் வைத்தேன். குழாய் அதை உள்ளே இழுத்துக்கொண்டது. பைப் காலியாகும்போது ஏதோ ஓட்டை வழியாகச் சாக்கடையையும் இப்படித்தான் இழுக்கிறது, மறுநாள் வரும் முதல் தண்ணீரோடு அது வெளியே வருகிறது என்பது என் எண்ணம். தவறாகவும் இருக்கலாம், தாங்கள் படித்தவர்கள்.

முதல் அரைமணித் தண்ணீரைக் கீழே விடலாம் என்று சந்தில் சொன்னேன். இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்து பிடிப்பதைக் கொட்டச் சொல்கிறாயே, உனக்கு மூளை பிசகிவிட்டதா என்று மீனாட்சியம்மாள் சத்தம் போட்டார். வருவதே இரண்டு மணி நேரம், அவர் கேட்டது நியாயம். பாட்டில்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, முதல் தண்ணீரைத் துணி துவைக்க வைத்துக்கொள்ளலாம் என்று வழி சொன்னவரும் அவரேதான். இருபத்தாறு நாளாகப் புதிதாக யாரும் படுக்கவில்லை. அதனாலா, மழை குறைந்ததாலா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, ஒரு நாள் சரியாக நான்கு மணிக்கு, முதல் தண்ணீரைப் பிடித்துப் பரிசோதிக்க உத்தரவிட வேண்டும். பைப்பைச் சாக்கடையிலிருந்து எடுத்து மேலாகப் போட வேண்டும். குழி தோண்டாமலே தண்ணீர் ஏறும்படி வேகத்தைக் கூட்டித் தர வேண்டும். சந்தில் இப்போது இரண்டு பெண்கள் கர்ப்பமாக இருக்கிறார்கள், ஒருத்திக்கு இது ஆறாம் மாதம் என்பதைத் தாங்கள் மனதில் கொள்ள வேண்டும்.

இன்னும் ஒரு விண்ணப்பம். தோண்டும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால் வேலைக்குப் போகாமல் இருப்பேன். மண்வெட்டி பிடிக்கவும் தயார். அந்த ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று நான் கண்ணால் பார்க்க வேண்டும்.

இடம்: தாராவி
நாள்: 6-10-1986

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
மு. ஜெயினுலாப்தீன்

இணைப்பு: வரிசைப் பட்டியல் ஒன்று. பாட்டில்கள் என் வீட்டில் உள்ளன. ஆள் அனுப்பினால் தருகிறேன்.