பொட்டு வைத்த கார்ப் பெட்டிகள்

குத்துக்கல்வலசை,
ஐப்பசி மாதம், மழை விட்ட செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் சுகம். நீ சுகமாக இருப்பது ஞாயிற்றுக்கிழமை பேசியதிலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் கடிதம் என்று உட்கார்ந்த பிறகு கேட்காமல் இருக்க முடியுமா, சுகம்தானே, வேளைக்குச் சாப்பிடுகிறாய்தானே? போன் இருக்கும்போது இவளுக்கு என்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் எங்கே இருக்கிறது, ஒலிபெருக்கிதானே இருக்கிறது! நீ கூப்பிட்டதும் உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார், வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் போனுக்கு வருவதையும் அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டுகிறார். அவருக்குத் தெரியாமல் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல எனக்கு இந்த வழிதான் கிடைத்தது. கொரியர் கடை மெஹர் பானுவிடம் கொடுத்து அனுப்புகிறேன், அவளும் வாயைத் திறக்க மாட்டாள். விஷயம் வேறொன்றுமில்லை, கார்க் கடையை மூடாதே.

கடை என்றால் பலகையும் கிடையாது ஷட்டரும் கிடையாது, எனக்குத் தெரியாதா. நீ அங்கே ஜப்பானில், நகோயாவில் லீவு நாளெல்லாம் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி அந்தக் குட்டிக் கார்ப் பெட்டிகளை வாங்குவதும், உன் அறையில் கால் நீட்ட இடமில்லாமல் இங்கே அனுப்பி வைப்பதும், அதைப் படம் எடுத்து இன்ஸ்டாவில் போட்டு உங்கப்பா விற்பதும் எல்லாம் சேர்த்து என் வாயில் கடை என்றுதான் வருகிறது. முதலில் நான் சிரித்தேன் என்பது உண்மைதான். ஒட்டாத காரை, துண்டு துண்டாக பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்குவதை, எந்தக் கிறுக்கன் வாங்குவான் என்று கேட்டேன். அஸ்ஸாமிலிருந்தெல்லாம் வாங்கினார்களே! ஆலங்குளம் சித்தி வந்தபோது உங்கப்பா அவளை உட்கார வைத்து, இது நெசக் காரை இருபத்துநாலுல ஒரு பங்காச் சுருக்கினது, பெட்டியைப் பிரிக்காம வச்சிருந்தாத்தான் மதிப்பு என்று காபி ஆறும்வரை பாடம் எடுத்தார். அவள் போகும்போது என் காதில், அத்தான் ரிட்டயர்டு ஆனபெறகு நல்லாத்தான் இருக்காரா என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் பேத்திக்குக் காது குத்து வைத்திருக்கிறார்கள், தை மாதம், நீ லீவு கேட்டுப் பார்.

பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்று ஊருக்கே பாடம் எடுத்தவர் ஏன் எல்லாப் பெட்டியையும் பிரித்தார் என்று நீ போனில் கத்தினாயே, அதற்கு அவர், கவர் கிழிஞ்சுபோச்சும்மா என்று மென்று முழுங்கினார். நடந்ததை நான் சொல்கிறேன். ஆயுத பூஜை. மின்வாரியத்தில் இருந்த காலத்தில் உங்கப்பா ஆயுத பூஜை போடுகிற அழகு உனக்குத் தெரியும், குறடு, டெஸ்டர், ஏணியின் கடைசிப் படி வரைக்கும் பொட்டு இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு பூஜை போட நம் வீட்டில் என்ன இருந்தது, என் மிக்ஸியும் அவர் ஸ்கூட்டரும். இந்த வருஷம்தான் மனுஷனுக்கு மறுபடியும் தொழில் என்று ஒன்று இருக்கிறதே. முந்தின நாளே இங்குள்ள உன் அறையைக் கழுவி, பெட்டிகளைத் துடைத்து, கார்ப் படமெல்லாம் முன்னால் தெரியும்படி அடுக்கி, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை வாங்கி, ஒரே அமர்க்களம். சந்தனத்தைக் குழைத்து முதல் பெட்டியில் வைத்தார், மேலே சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் தாளில் அது நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு வந்தது. குங்குமம் அதற்கு மேல், பொடிப் பொடியாக உதிர்ந்தது. நான், விடுங்க, சாமிக்குத் தெரியும், பக்கத்துல வச்சாப் போதும் என்றேன். அவர் கேட்பாரா? புது வண்டிக்குப் பொட்டு வைக்காம எப்படிட்டீ வெளிய அனுப்புகது, வாங்குதவன் நல்லாருக்க வேண்டாமா என்று சொல்லிவிட்டு, ஷேவிங் பிளேடை எடுத்து ஒவ்வொரு பெட்டியாக அந்தத் தாளை அழகாகக் கீறி, ஒரு கிழிசல் இல்லாமல் உரித்து, அட்டையில் நெற்றிப் பொட்டு மாதிரி நடுவில் வைத்தார். கற்பூரம் காட்டினார். ஸ்கூட்டருக்கு எலுமிச்சம்பழம் நசுக்கியதோடு நிறுத்தினாரே என்று சந்தோஷப்படு. சாயங்காலம் எல்லாவற்றையும் சமையலறை பிளாஸ்டிக் தாளால் திரும்பச் சுற்றி, முன்னைவிட நல்லாருக்கு என்று என்னிடம் காட்டவும் செய்தார். மதிப்பெல்லாம் அந்தப் பழைய தாளில்தான் இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் அந்த நேரம் உறைக்கவில்லை, பெட்டியைத்தானே திறக்கக் கூடாது, தாளை எடுத்தால் என்ன என்று நினைத்துவிட்டார். சிரிக்காதே, சரி, சிரித்துக்கொள், நானே சிரித்துவிட்டேன்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். நம்மிடம் வாங்கிய புனலூர்க்காரர் பெட்டி வந்ததும் படம் எடுத்துப் போட்டு, புத்தம் புதுசு என்று சொல்லிக் கறை படிந்த பெட்டியை அனுப்பினார்கள் என்று எழுதினார். நீ அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாய். முதலில் கோபப்பட்டாய், அது பரவாயில்லை, கோபப்பட்டால் அவர் தாங்கிக்கொள்வார். அதன் பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, விடுங்கப்பா, மிச்சத்தக் கெடச்ச வெலைக்குத் தள்ளிட்டு மூடிருவோம், இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை என்று சொன்னாய் பார், நீ பாசமாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும், ஆனால் உங்கப்பாவின் முகம் அப்படியே கூம்பிப் போய்விட்டது. சரிம்மா, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டிவிட்டார். அன்று வைத்த தோசையைத் தொடவே இல்லை. ஒரு பொட்டு வைத்த பாவத்துக்கு இந்தத் தண்டனையா என்று எனக்கு உன் மேல் வருத்தம்தான், மறைப்பானேன்.

அதற்குப் பிறகு அவர் இன்ஸ்டா பக்கத்தைத் திறக்கவில்லை, டவுனுக்கே போகவில்லை. ஒருநாள் மெஹர் பானு என்னைச் சந்தையில் பார்த்து, எக்கா, அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்லையா, தெனமும் வந்து பபிள் ஷீட்டு இன்னும் ஒரு சுத்து சுத்தும்மான்னு உயிரை எடுப்பாவ, இப்ப ஆளையே காணமே என்றாள். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். வீட்டில் டிவியில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருப்பார்கள், இவர் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பார், மழை பெய்தால் மழையைப் பார்ப்பார். எனக்குச் சண்டை போடக்கூட ஆள் இல்லை.

இப்போது நீ அறியாத சங்கதி ஒன்று. போன வாரம் அந்தப் புனலூர்க்காரரே ரயிலேறி வந்துவிட்டார்! வாசலில் குடையை மடக்கிக்கொண்டு, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் முதலில் காபி போட அடுப்படிக்கு ஓடினேன். பெயர் சந்தானகிருஷ்ணன், பூர்வீகம் நம் செங்கோட்டைதான், அக்ரஹாரத்து மனிதர், மூன்று தலைமுறையாகப் புனலூரில், பேச்சில் பாதி மலையாளம். அவர் எழுதிப் போட்ட பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாராம், கறை வட்டமாக, நடுவில், குங்குமத்தோடு இருக்கவே, அடடா, இது யாரோ பூஜை போட்டதல்லவா என்று பட்டதாம். எழுதியதை அன்றே எடுத்துவிட்டாராம், ஆனாலும் மனசு கேட்காமல் நேரில் வந்திருக்கிறார். உங்கப்பா தலையைக் குனிந்துகொண்டே நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார், பிளேடு உட்பட. அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. சாரமில்லா அண்ணாச்சி, சாரமில்லா என்று முதுகில் தட்டினார். சாரமில்லா என்றால் பரவாயில்லை என்று அர்த்தமாம், உங்கப்பா இப்போது நான் குழம்பில் உப்பை மறந்தாலும் அதைத்தான் சொல்கிறார்.

அவர் சொன்னதைக் கவனமாகக் கேள். பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பார்க்கிறவர்கள் ஒரு ஜாதி, வாங்கி ஒட்டி வர்ணம் அடிக்கிறவர்கள் ஒரு ஜாதி. இரண்டாவது ஆட்களுக்கு மேல் தாள் எதற்கு, உள்ளே சாமான் குறையாமல் இருந்தால் போதும். பொட்டு வச்சதுன்னு உள்ளதைச் சொல்லிப் போடுங்க, எடுக்க ஆள் உண்டு என்றார். அதோடு, இத்தனை வித்தீங்களே, ஒண்ணாவது ஒட்டிப் பார்த்திருக்கீங்களா என்று கேட்டார். உங்கப்பா இல்லை என்றார். உடனே தான் கொண்டுவந்த பொட்டு வைத்த பெட்டியை உங்கப்பா கையிலேயே கொடுத்து, இது உங்களுக்குத்தான், ஒட்டிப் பாருங்க என்று சொல்லிவிட்டார். மத்தியானம் நம் வீட்டிலேயே சாப்பிட்டார், கூட்டாஞ்சோறு, இரண்டு தடவை கேட்டு வாங்கினார். பிறகு இரண்டு பேரும் ஸ்கூட்டரில் குற்றாலம் போனார்கள், வெள்ளம் என்று போலீஸ் கயிறு கட்டிக் குளிக்க விடவில்லையாம், ஐந்தருவியில் நின்று சாரலில் நனைந்துவிட்டு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார்கள். உங்கப்பா சட்டையைப் பிழியும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தார். எனக்கு அந்த நேரம் அழுகையே வந்துவிட்டது சத்யா.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு மேஜை எனக்கு இல்லை. என் நகவெட்டி போயிற்று, புருவம் எடுக்கிற இடுக்கி போயிற்று. கரண்டுக் கம்பியை வளைத்த கை, அரிசி அளவு கண்ணாடியைப் பிடிக்கத் தெரியாமல் நழுவவிடுகிறது. இடது பக்கக் கதவை வலது பக்கம் ஒட்டி, பிடுங்கி, மறுபடி ஒட்டினார். ஸ்டீயரிங் தரையில் விழுந்து, நாங்கள் இரண்டு பேரும் மண்டியிட்டுத் தேடினோம், கடைசியில் அது என் சேலை மடிப்பில் இருந்தது. சிவப்பு வர்ணம் காரில் பாதி, எவர்சில்வர் தட்டில் பாதி. கோணலாக ஒரு கார் இப்போது டிவி மேல் நிற்கிறது, சுந்தரபாண்டியபுரத்துக்குச் சூரியகாந்தி வயல் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி அதை எட்டி எட்டிப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அதைச் சொல்லுங்களேன் என்று ஜாடை காட்டினேன், வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். பிறகு கேட்டால், அவளுக்கு இருக்குத வேலையில இதச் சொல்லி என்னத்துக்கு, கடைன்னா ஒரு காரணம் இருந்துச்சு என்கிறார். இன்ஸ்டா பக்கத்தை நீங்களே மறுபடி திறங்களேன் என்றால், அது அவ கடை, அவ சொல்லாம நான் தொறக்க மாட்டேன் என்கிறார். பிடிவாதம் எங்கிருந்து உனக்கு வந்தது என்று இப்போது தெரிகிறதா?

காரணம் இருந்துச்சு என்று அவர் சொன்னதுதான் எனக்கு மனசில் தைத்துவிட்டது. கடைக்கு முன்னால் நீங்கள் இருவரும் பேசியது என்ன, யோசித்துப் பார். நல்லாருக்கியா, நல்லாருக்கேன்ப்பா, இந்தா அம்மாட்டக் குடுக்கேன், அவ்வளவுதான். அவருக்கு உன் மேல் பாசம் இல்லாமல் இல்லை, அதை வைத்துக்கொண்டு என்ன பேசுவது என்று தெரியாது, பாவம். கடை வந்த பிறகு பெட்டியின் மூலை மடங்கியது, லேபிளில் பின்கோடு தப்பு, அந்த வெள்ளை டாக்சி வந்துருச்சா என்று ஆரம்பித்து, உன் ஆபீஸ் சங்கதி, உன் காய்ச்சல், அங்கே பனி எப்படி விழுகிறது என்று மணிக்கணக்காகப் போகும். நான் ரசத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாலும் பேச்சு முடிந்திருக்காது, எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். மூடச் சொன்ன நாளிலிருந்து பழையபடி, நல்லாருக்கியா, இந்தா அம்மாட்டக் குடுக்கேன். நீ மூடச் சொன்னது இதையும் சேர்த்துத்தான் என்று உனக்குத் தெரிந்திருக்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு வேலை அதிகம், வாங்கி அனுப்ப முடியவில்லை என்றால் சரி, இருப்பதைப் பொட்டோடு விற்கட்டும், மெதுவாக விற்கட்டும். இல்லை, முடியவே முடியாது, மூடித்தான் ஆகவேண்டும் என்றால் மூடிக்கொள், உன் கடை. ஆனால் அதை நீயே அவரிடம் சொல். அப்பாட்டச் சொல்லிரும்மா என்று என்னிடம் சொல்லாதே. நீ ஹாஸ்டலுக்குப் போன காலத்திலிருந்து அவர் சொன்னதை உனக்கும் நீ சொன்னதை அவருக்கும் நான்தான் சுமந்துகொண்டிருந்தேன், உங்கள் இருவருக்கும் நடுவில் நின்று எனக்குக் கால் வலித்துவிட்டது. இந்தக் கடை வந்துதான் எனக்கு அதிலிருந்து ஓய்வு கிடைத்தது. மறுபடியும் அந்த வேலைக்கு நான் வருவதாக இல்லை.

குளிர் தொடங்கிவிடும், காதை மூடிக்கொண்டு போ, தலைக்கு எண்ணெய் வை. உலகம்மனும் விஸ்வநாதரும் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார்கள், நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து நீ நன்றாக இரு என் தங்கமே. மறக்காதே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் நம்பருக்குக் கூப்பிடாதே, அவர் நம்பருக்கே கூப்பிடு. அந்த நேரம் நான் கோயிலுக்குப் போய்விடுவேன், அவர் போனைக் கொடுக்க வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
உமாராணி